சபாபதி வீட்டுக் குளியலறைச் சுவர்

சபாபதி வீட்டில் எந்தப் பொருளுக்கும் அவ்வளவு லேசில் சாவு வராது. பல் துலக்கும் பிரஷ் தேய்ந்துபோனால் சீப்பில் அழுக்கெடுக்கப் போகும். அங்கும் தேய்ந்தால் பாவாடைக்கு நாடா கோக்கும் குச்சியாகும். வேட்டி துண்டாகி, துண்டு கரித்துணியாகி, கடைசியில் விளக்குத் திரியாய் எரிந்தால்தான் அதற்கு விடுதலை. கழுவிக் கொடியில் காயப்போட்ட பால் கவர்களைக் கருவாடு என்று நம்பி வந்து ஏமாந்த காக்கைகள் உண்டு. மேல்பட்டாம்பாக்கத்தில் எந்தப் பிச்சைக்காரனும் அவர் வாசலில் நிற்கமாட்டான். நின்றால், கையிலிருக்கும் தட்டை வாங்கிப் பார்த்துப் பூந்தொட்டிக்கு ஆகுமா என்று யோசிப்பாராம்.

கடலூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் அவருக்கு வேலை. சைக்கிளில் போய்வருவார். கால் மிதிக்கும், கண் சாலையோரத்தைத் துழாவும். டிஜிட்டல் பேனர்கள் முளைத்துத் தள்ளிய காலம் அது. கட்சி பேனரில் கைவைத்தால் உதை விழும். சினிமா பேனருக்குப் போட்டி ஜாஸ்தி. கண்ணீர் அஞ்சலி பேனர்தான் நாதியற்றது. கருமாதி முடிந்த பிறகு பெற்ற பிள்ளைகூட அதை அவிழ்க்கமாட்டான். அப்பாவை இரண்டாம் தடவை தூக்கிக்கொண்டு போவதுபோல இருக்கும் என்று, வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவிடுவான். சபாபதிக்கு அந்தக் கூச்சம் கிடையாது. விடிவதற்குள் அவிழ்த்துச் சுருட்டி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

அப்படி வந்தவர்கள் அவர் வீட்டில் உழைத்தார்கள். ஒரு ரேஷன் கடைக்காரர் விறகை மூடினார். ஒரு ரிட்டயர்டு தாசில்தார் மேல் அவர் பெண்டாட்டி புஷ்பவள்ளி வடகம் பிழிந்தாள். பின்கட்டில் நாலு சவுக்குக் கம்பு நட்டு, சுற்றிலும் பேனரைக் கட்டியதுதான் குளியலறை. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு வெள்ளைப் பக்கம் தெரியும். முகங்கள் உள்ளே. தண்ணீர் வெளியே ஓடாமல் இருக்க, பேர் போட்ட அடிப்பகுதியை மண்ணில் புதைத்துவிடுவார். அதனால் எதிர்ச்சுவரில் மாலை போட்டுக்கொண்டு சிரிக்கிற மீசைக்காரர் யார் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கடலூரில் லாரிகள் நிற்கும் இடத்தில் கிடைத்தவர் என்பது மட்டும் தெரியும்.

“இத்தன ஆம்பளைங்க பாக்கறப்ப எப்படிப்பா குளிக்கறது?” என்று மகள் காயத்ரி ஒருநாள் அழுதாள்.

“செத்தவனுக்குக் கண்ணு ஏதுடி?” என்றார் சபாபதி. சோப்பு டப்பா மாட்ட ஓர் ஆணியைக் கொண்டுபோய், மீசைக்காரரின் கன்னத்தைத் துளைத்துக் கம்பத்தில் அடித்தார்.

அன்றிலிருந்து காயத்ரி பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குளித்தாள்.

அவளுக்கு இருபத்தெட்டு ஆகிவிட்டது. பார்க்க வந்த இரண்டு வரன்கள் அப்பனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தன. 2010 ஆவணியில் மூன்றாவதாக மங்கலம்பேட்டையிலிருந்து ஒன்று வந்தது. மாப்பிள்ளை செம்பியன் ஒரு வாத்தியார், அவனுக்கு அப்பா இல்லை. போட்டோவைப் பார்த்ததிலிருந்து காயத்ரி சரியாகச் சாப்பிடவில்லை. இதுவும் போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

வந்தார்கள். பஜ்ஜி ஆயிற்று, காப்பி ஆயிற்று. செம்பியன் குனிந்த தலையை இரண்டு தடவை நிமிர்த்திப் பார்த்தான். மாப்பிள்ளையின் அம்மா அமிர்தம், காயத்ரியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அப்புறம் புஷ்பவள்ளியின் காதில், “சர்க்கர ஒடம்பு அண்ணி, கொஞ்சம் பின்னால போயிட்டு வந்துடறேன்” என்றாள்.

போனவள் வரவில்லை. பின்கட்டிலிருந்து அவள் பேசுவது மட்டும் கேட்டது.

“என்னாங்க... இங்கியா இருக்கீங்க?”

எல்லோரும் ஓடினார்கள். அமிர்தம் முந்தானையால் மீசைக்காரர் முகத்தில் காய்ந்திருந்த சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்து ஆணியில் சோப்பு டப்பா. மாலைமேல் சபாபதியின் பனியன் தொங்கியது.

“கூட லாரி ஓட்டுன பசங்க கடலூர்ல ஆசயாக் கட்டுனாங்க. காத்துல போயிட்டாருன்னுல்ல நெனச்சேன்” என்றாள். “செம்பியா, அப்பாவ அவுத்துக்கிட்டு வா.”

செம்பியன் மண்ணைத் தோண்டினான். புதைந்திருந்த பழனிவேல் என்ற பேர் சேறும் புழுவுமாய் வெளியே வந்தது. சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான்.

“தம்பி, கயிறு நம்முளுது” என்றார் சபாபதி.

செம்பியன் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கயிற்றை அவர் கையில் கொடுத்தான். புஷ்பவள்ளி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அமிர்தம் காயத்ரியிடம் வந்து நின்றாள். “இத்தினி நாளும் நீ இவரு எதுக்கதான் குளிச்சியா?”

“கண்ண மூடிக்கிட்டுதான் அத்த குளிச்சேன்.”

அமிர்தம் சபாபதி பக்கம் திரும்பினாள். வந்தபோது இருந்த ‘அண்ணே’ போயிருந்தது.

“யோவ், பொண்ணு எங்களுக்கு வேணும். பெத்தவன் வேணாம். கல்யாணத்துக்கு நீ வரக்கூடாது. தாலி ஏறின பொறவு இந்தப் பொண்ணு உன் வாசப்படி மிதிக்கக்கூடாது. சம்மதமா?”

சபாபதி தொண்டையைச் செருமினார். “அப்ப மண்டபம்?”

“எங்க செலவு.”

“பந்தி, மேளம்?”

“எல்லாம் எங்க செலவு.”

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அடக்கத்தான் பார்த்தார். அது அடங்கவில்லை. பெண்டாட்டியும் பார்த்தாள், மகளும் பார்த்தாள்.

“எனக்குச் சம்மதம் அத்த” என்றாள் காயத்ரி. அப்பாவின் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் சபாபதி அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். “தம்பிடி செலவில்லாம பொண்ணக் கரையேத்திட்டேன்யா!” வரக்கூடாது என்றதெல்லாம் கோபத்தில் வந்த வார்த்தை, சம்பந்தி என்று ஆனபிறகு யார் விரட்டுவார்கள் என்பது அவர் கணக்கு. ஐப்பசியில் கல்யாண வேன் வாசலில் வந்து நின்றபோது, இருப்பதில் ஓட்டையில்லாத வேட்டியைக் கட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு முதல் ஆளாய் நின்றார்.

புஷ்பவள்ளி தாம்பாளத்தோடு ஏறிக்கொண்டாள். அவள் தம்பி சின்னையன் பெண்டாட்டியோடு பட்டு வேட்டியில் வந்தான்.

“மாப்ள, நீ இன்னாத்துக்கு இவ்ளோ ஜோரா?” என்றார் சபாபதி.

“தார வாக்கணுமே மாமா. நானும் இவளும்தான் வாக்கறோம்.”

சபாபதிக்கு வாய் கொஞ்சம் கோணியது. “பெத்தவன் நான் இருக்கச்சொல்ல...” என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் காயத்ரி கண்ணை மூடி உட்கார்ந்திருந்த வேன் ஜன்னலருகே போனார்.

“கண்ணு, நான் மண்டபத்துக்குள்ளகூட வரல. வெளிய நின்னுக்கறேன். மேளச் சத்தம் கேட்டா போதும். அப்பாவுக்கு ஒரு எடம் குடு.”

காயத்ரி கண்ணைத் திறந்து அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“வேன்ல எடம் இல்லப்பா.”

அவளுக்குப் பின்னால் இரண்டு சீட்டு முழுதாய்க் காலியாகக் கிடந்தன. சின்னையன் எட்டிக் கதவைச் சாத்தினான்.