வெயில் ஏறினால் தண்ணீர் வற்றும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் மாதம். மரக்காணத்தில் மழை பிடித்துக்கொண்டு உப்பளத்தில் வேலை நின்றிருந்தது. லடாக் பக்கம் ரோடு போடும் கம்பெனி ஒன்றில் வெல்டராக இருக்கும் எங்கள் மகன் டிக்கெட் போட்டுக் கூப்பிட்டான். நானும் என் வீட்டுக்காரரும் போனோம்.

அவன் தங்கியிருந்த பள்ளத்தாக்கில் பேருக்குக்கூட ஒரு மரம் இல்லை. இரண்டு பக்கமும் மொட்டை மலை, நடுவில் கல்லும் சேறும், கடைசியில் பனிப்பாறை. போட்டோவில் பார்க்கிற மாதிரி வெள்ளையாக இல்லை. சாம்பல் பூசியது போல அழுக்காக இருந்தது. வெயிலில் நின்றால் தோல் எரியும், நிழலுக்கு நகர்ந்தால் பல் கிட்டிப்போகும்.

காலையில் மகன் வேலைக்குப் போனதும் இவருக்கு அந்தப் பனியைத் தொட்டுப் பார்க்க ஆசை வந்துவிட்டது. சொன்னால் கேட்கிற மனுஷனா அவர். குறுக்கே ஓடிய ஓடையைக் கணுக்கால் தண்ணீரில் கடந்து போனோம். பனியைத் தொட்டுவிட்டு உச்சிவெயிலில் திரும்பினால், அதே ஓடை முழங்காலுக்கு மேல் ஓடுகிறது.

“வெயிலு நல்லா காயுது. கொஞ்ச நேரம் குந்து, தண்ணி வத்திடும்” என்றார்.

வயசெல்லாம் உப்புப் பாத்தியில் கழித்தவர்கள் நாங்கள். வெயில் ஏறினால் தண்ணீர் வற்றும், உப்பு விளையும். எனக்கும் அதுதானே தெரியும்? உட்கார்ந்தோம். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. அடியில் கல் உருளும் சத்தம் கேட்டது. பொறுமை இல்லாமல் இவர் இறங்கினார். நாலடி வைப்பதற்குள் தண்ணீர் தள்ளிவிட்டது. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டவரை என் சால்வையை வீசி இழுத்தேன். உடம்பெல்லாம் ஈரம். மாற்றுத்துணி கிடையாது. வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது.

சாயங்காலம் மகன் ஆட்களோடு தேடி வந்தான். கயிறு வீசினார்கள், எங்கள் கரைக்கு எட்டவில்லை.

“எறங்காதம்மா. வெயில்ல பனி உருகித்தான் தண்ணி ஏறுது. விடியறதுக்குள்ள கொறஞ்சிடும். அப்பாவ கட்டிப் புடிச்சிக்க” என்று அக்கரையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினான்.

கட்டிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் நடுங்கினார். பிறகு நடுக்கம் நின்றது. குளிர் விட்டுவிட்டது என்று நினைத்தேன். விடியும்போது ஓடை கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. மகன் ஓடி வந்தான், அப்பாவைத் தொட்டுப் பார்த்தான், அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இப்போதும் உப்பளத்துக்குப் போகிறேன். தெரிந்ததை நம்பித்தானே உட்கார்ந்தார், அவர்மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. வெயில் ஏறி பாத்தியில் தண்ணீர் வற்றும்போதெல்லாம், அவர் சொன்னபடிதானே நடக்கிறது என்று அழுகை முட்டிக்கொண்டு வருகிறது.