ஆறு ஃபேனும் ஒரு காதும்

என் மனைவி செகந்திராபாத் பக்கம் மல்லாபூரில் ஒரு தகரப் பட்டறையில் பதினெட்டு வருஷம் பிரஸ் மிஷின் இரைச்சலில் நின்று வேலை பார்த்தவள். அதனால் இன்று இரண்டு காதிலும் மிஷின் மாட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தக் காது மிஷின் பேச்சை மட்டும் பொறுக்கி எடுத்துத் தராது. பக்கத்தில் எது இரைந்தாலும் அதையும் சேர்த்துத் தூக்கிக் கொடுக்கும். எங்கள் பிள்ளைகளோ தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவர்கள். அவள் தமிழ் கேட்பது பழைய படங்களில்தான். அவற்றை ஒரு ஹார்டு டிஸ்கில் சேர்த்து வைத்திருந்தோம். டிவியோடு சின்னதாக ஒரு கம்ப்யூட்டரை இணைக்க வேண்டும், வசனம் அவள் காதில் விழ வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

இதற்கு மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவள் தம்பி ஒரு பட்டியல் அனுப்பினான். கிராபிக்ஸ் கார்டு, பெரிய பவர் சப்ளை, கண்ணாடி வைத்த கேபினெட், அதற்குள் கலர் கலராக எரியும் ஆறு ஃபேன். நான் எட்டாவதோடு நின்றவன், பயந்த சுபாவம் வேறு. இருந்தாலும் போன் போட்டேன்.

"ஆறு ஃபேன் எதுக்கு மச்சான்?"

"கார்டு சூடாவும் மாமா."

"அப்ப அந்தக் கார்டு எதுக்கு?"

"கேம் ஆடலாம்ல?"

"யாரு, உங்கக்காவா?"

"உங்களுக்குப் புரியாது, விடுங்க மாமா. பின்னாடி உதவும்."

புரியாதுதான். படம் பார்க்கிற பெட்டிக்குள் எதற்கு இத்தனை காற்று என்று எனக்கு இன்று வரை புரியவில்லை.

செகந்திராபாத்தில் ஒரு கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரரும் நம் தமிழ் ஆள்தான், அங்கேயே பிறந்து வளர்ந்தவர். பட்டியலைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அதே மாதிரி ஒரு பெட்டியை ஓட்டிக் காட்டினார். அவள் பக்கத்தில் போய்க் காதைச் சாய்த்தாள். உடனே பின்னால் வந்துவிட்டாள்.

"பட்டறைக்கே திரும்பப் போன மாதிரி இருக்குதுங்க."

"அம்மா, இது சைலண்ட் ஃபேன். சத்தம் எவ்வளவுன்னு அட்டையில நம்பர் போட்டிருக்கு பாருங்க."

"நம்பர நீ பாருப்பா. கேக்குறது நானு."

அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "காதுதான கோளாறு? டிவி சவுண்ட ஏத்தி வெச்சிக்கோங்க சார். கைக்கு டென்ஷன்?" என்றார், எதற்கு டென்ஷன் என்பதை ஊர் உருதுவில்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் எதிரிலேயே சொல்கிறார்! பெட்டி இரையலாம், கோளாறு மட்டும் அவள் காதிலா? ஒரு வார்த்தை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டாரா? மச்சான் கேட்டானா? எவ்வளவு வேகம், எவ்வளவு பவர், இதே பேச்சு.

கடைசியில் ஏ.எஸ்.ராவ் நகரில் பழைய கம்ப்யூட்டர் விற்கிற ஒருவர்தான் யார் பார்க்கப்போகிறார்கள் என்று முதலில் தெலுங்கில் கேட்டார். சொன்னேன். ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். டிபன் பாக்ஸ் அளவு. உள்ளே ஃபேனே கிடையாது, சுற்றுகிற டிஸ்கும் கிடையாது. எங்கள் படங்களையும் உள்ளேயே ஏற்றித் தருகிறேன் என்றார். மச்சான் பட்டியலில் ஒரு கார்டு வாங்குகிற காசுகூட ஆகவில்லை. அவள் காதைச் சாய்த்து, "இன்னும் ஆன் பண்ணலையா?" என்றாள். அப்போதே அது ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் வந்திருந்தான். படம் போட்டோம். பாதியில் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு! ஃபேன் இல்லையே, தீப்பிடித்தால்? மனசு கேட்கவில்லை. டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பெட்டிக்கு நேராக வைத்துப் போட்டுவிட்டேன்.

அவள் படத்தை நிறுத்தினாள். "என்னாங்க இது?"

"சூடா இருக்குதேன்னு..."

"நான் அப்பவே சொன்னேன்ல மாமா," என்று மச்சான் ஆரம்பித்தான்.

அவள் எழுந்து வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவே இல்லை. "இதப்போயி சூடுன்றீங்க. பட்டறையில இதவிடச் சூடான தகரத்த நாளெல்லாம் புடிச்சவ நானு. அவன் ஆறு ஃபேன் கேட்டான், நீங்க ஏழாவத கொண்டாந்து வெக்கிறீங்க. நக்கோ, வேணாம், எடுங்க அத."

ஊரில் எல்லார் மேலும் கோபப்பட்ட நான் டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். பின்னாலேயே மச்சான் ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தான். அதற்குள் படம் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.

"ரெண்டு பேரும் அங்கியே இருங்க," என்று கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது. "வசனம் போவுது."