குடித்துக் காட்டிய தண்ணீர்

என் கணவருக்கு அந்தக் கம்பெனியில் பெரிய பதவி. பார்க்க வருகிறவர்கள் முன்னால் தண்ணீர் குடிக்கிற பதவி.

எண்ணெயும் கேஸும் எடுக்கிற கிணறுகளில் அவற்றோடு சேர்ந்து பூமிக்கடியிலிருந்து தண்ணீரும் ஏறி வரும். கடல் தண்ணீரைவிட உப்பு. மேலே எண்ணெய் மிதக்கும், கிட்டே போனால் குமட்டும். அதைச் சுத்தம் பண்ணி வயலுக்கு விடலாம் என்று மெஷின் செய்து விற்கிற கம்பெனி. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஷெட். டெல்டா பக்கத்திலிருந்து லாரியில் அந்த நாற்றத் தண்ணீர் வந்து இறங்கும். மெஷினின் மறுமுனையில் சுத்தமாக வந்து விழுவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, எல்லோரும் பார்க்க மடமடவென்று குடித்துக் காட்ட வேண்டும். இந்தத் தொழிலில் அது ஒரு சம்பிரதாயமாம். முதலாளிக்கு அல்சராம். அதனால் இவர் குடித்தார்.

"ஏன், உங்க முதலாளிக்கு வாய் கெடயாதா?" என்று நான் கேட்காத வாரமில்லை.

"நானே சுத்தம் பண்ண தண்ணிம்மா. நானே குடிக்கலைன்னா வேற எவன் நம்புவான்?" என்பார்.

நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறேன். புடவையை மடிப்பில் வைத்துக் காட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். நாங்களே தோளில் போட்டுக் காட்டினால் பாதி வியாபாரம் முடிந்துவிடும். இவர் வேலையும் அதேதான் என்று அப்போது நினைத்தேன். ஆனால் புடவை என் வயிற்றுக்குள் போகாதே. அந்த எரிச்சல் எனக்குக் கடைசிவரை அடங்கவில்லை.

இவர் சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் எப்போதும் இருக்கும். தண்ணீரில் நனைத்தால் உப்பு எவ்வளவு என்று எண் காட்டும். மெட்ராஸ்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் அந்த எண்தான். போர் தண்ணீரானாலும் லாரித் தண்ணீரானாலும் கேன் தண்ணீரானாலும், எண் குறைந்தால் அமிர்தம், ஏறினால் விஷம். எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட் கூட்டத்தில் வேறு எதற்குச் சண்டை வந்தாலும் அந்த எண்ணுக்கு மட்டும் மறுபேச்சு இருக்காது. இவர் ஒருபடி மேலே. பாண்டி பஜாரில் சாப்பிடப் போனால் ஓட்டல் டம்ளரிலும் அதை விடுவார். சர்வர் முறைப்பான். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அந்தக் கோடையில் எங்கள் கட்டிடத்தின் போர் வறண்டு போனது. லாரிக்குச் சொன்னால் எப்போது வரும் என்று தெரியாது. ஷெட்டில் குடித்துக் காட்டியது போக மிச்சத் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகிறது என்று, இவர் கேனில் பிடித்து வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார். கம்பெனி வேன் டிரைவர் அதை மாடிக்குத் தூக்கி வந்து வைப்பார்.

"யக்கா, இன்னாக்கா இப்டி பாக்கற? தண்ணி கண்ணாடி மாரி கீது. சார் தெனம் குடிக்கறாரு, ஒண்ணும் ஆவல" என்று அவர் எனக்குத் தைரியம் சொல்வார்.

குடிக்க மட்டும் நான் விடவில்லை. துணி துவைத்தேன், மொட்டை மாடித் தொட்டிகளுக்கு ஊற்றினேன். டிரம்மில் ஒரு எலுமிச்சை, அவரைப் பந்தல், கறிவேப்பிலை. ஊரே காய்ந்து கிடக்கும்போது என் அவரை மட்டும் பூத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டெல்டாவிலிருந்து சில விவசாயிகளை ஷெட்டுக்கு அழைத்து வந்தார்கள். எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்திலேயே மெஷினை வைத்து, அதன் தண்ணீரை முதலில் ஒருவர் நிலத்தில் விட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம். ஆனாலும் ஒருவரும் முன்வரவில்லை. இவர் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கூட்டத்தில் ஒருவர், எங்கள் வயதுதான் இருக்கும், "சரிங்க, என் நெலத்துல வுடுங்க" என்றார்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் இவர் அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தார். வந்தவர் தரையில்தான் உட்காருவேன் என்றார். ரசம் இரண்டு முறை வாங்கிக்கொண்டார். தண்ணீர் டம்ளரைத் தூக்கிப் பார்த்து, "இதுவும் சார் குடிச்ச தண்ணிதானுங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, இது கேன் தண்ணி" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் குடித்தார். இவர் மோரை ஊற்றச் சொன்னார். பேச்சு உளுந்து விலைக்குப் போய்விட்டது. சித்திரைப் பட்டத்தில் உளுந்து போடப் போவதாக அவர் சொன்னார்.

உளுந்து முளைத்த படத்தைப் போனில் அனுப்பினார். இவர் அதைக் கடைக்கு வந்து எனக்குக் காட்டிவிட்டுப் போனார், பிள்ளை மார்க் வாங்கின மாதிரி.

பிறகு என் எலுமிச்சையின் அடி இலைகள் ஓரம் மஞ்சளாயின. வெயில் என்று நினைத்தேன். மஞ்சள் பழுப்பாகி, நெருப்பில் காட்டி எடுத்ததுபோல ஓரம் மட்டும் சுற்றிலும் கருகியது. அவரையில் நடு இலை பச்சையாகவே இருக்க, விளிம்பு மட்டும் பொடிந்து உதிர்ந்தது. கறிவேப்பிலைக்கு மட்டும் பழைய வழக்கப்படி, பாத்திரம் கழுவின லாரித் தண்ணீரையே ஊற்றி வந்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு கிளையை ஒடித்துக்கொண்டுபோய் இவர் மடியில் போட்டேன். "உங்க அமிர்தத்தோட லட்சணத்தப் பாருங்க."

கத்துவார் என்றுதான் எதிர்பார்த்தேன். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்து மீட்டரை எடுத்து மேஜையில் வைத்தார். சாப்பிடாமல் எழுந்துபோய்விட்டார்.

வேறொரு பரிசோதனைக் கூடத்தில் சொந்தச் செலவில் சோதித்துக்கொண்டு வந்தார். போரான் என்று ஒன்றாம். கரைந்து கிடக்கும். நிறமில்லை, வாசனையில்லை. இவர் பேனாவுக்கும் அது தெரியாது, மெஷினின் வடிகட்டிக்கும் அது சரியாக அகப்படாது. செடிக்குத் துளி இருந்தால் போதும், கூடினால் இலை ஓரத்தில் சேர்ந்து கருக்கிவிடும். எலுமிச்சை தாங்காது. அவரை, உளுந்து எதுவும் தாங்காது. "காலேஜ்ல படிச்சதுதான். நம்பர் கம்மியா வந்ததும் வேற எதையும் தேடணும்னே தோணலை" என்றார். வேறு என்னென்ன கரைந்திருக்கிறது என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை என்றார்.

முதலாளியிடம் போய்ச் சொன்னார். அவர் கோபப்படவே இல்லையாம். "உப்பு, ஆயில், இந்த ரெண்டோட அளவுதான்பா வாங்கறவங்க நம்மள கேட்டிருக்காங்க. கேக்காத கேள்விக்கு நாமளா போய் பதில் சொல்லணுமா? அடுத்த வாரம் பெரிய பார்ட்டி வராங்க, நீ ஃப்ரெஷ்ஷா இரு" என்றாராம். ஃப்ரெஷ்ஷா இருப்பது என்றால் இன்னொரு டம்ளர்.

"நீங்க அந்த மனுஷருக்குப் போன் பண்ணுங்க" என்றேன்.

"வேலை போயிடும்."

"போகட்டும். நம்ம வீட்டுத் தரையில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போனவரு."

இவர் பண்ணவில்லை. போனைக் கையில் எடுப்பார், சார்ஜில் போடுவார். ஒருநாள் என்னோடு வரும்போது மாம்பலம் ஸ்டேஷன் படியில் ஆயிரம் பேர் இடிக்க நடுவில் நின்று அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்தவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். இத்தனை வருஷத்தில் இந்த மனிதரை நான் கோழை என்று நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே அந்த நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, இவர் முன்னால் வைத்தேன்.

"சார், சொல்லுங்க சார்." அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"உளுந்து எப்படி இருக்கு?" என்று கேட்டார் இவர்.

"எல ஓரமெல்லாம் கருகுதுங்க. வெயிலுன்னு நெனக்கிறேன். இன்னும் ரெண்டு தண்ணி சேத்து வுட்டா தெளிஞ்சிரும்."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சொல்லிவிட்டார். தண்ணீரில்தான் குறை என்று, வயலுக்கு விட வேண்டாம் என்று, இந்தப் போகம் தேறாது என்று. அந்தப் பக்கம் ஒரு மாடு கத்துவது கேட்டது.

"அப்ப குடிக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"யார் குடிக்கிறாங்க?"

"மக பேறுகாலத்துக்கு வந்திருக்குதுங்க. ஊருத் தண்ணி உப்பு கரிக்குது, அதுக்கு வாயில வெக்க முடியல. அதான் மெஷினு தண்ணிய நானே தெனமும் கொடத்துல புடிச்சாந்து குடுக்கிறேன். சார் குடிச்சத என் கண்ணால பாத்தேனுங்களே, அந்தத் தைரியத்துலதான்."

"இனிமே குடுக்காதீங்க. இன்னைக்கே நிறுத்திடுங்க" என்றார் இவர்.

"நிறுத்திர்றேங்க. பயிரு போனா போகட்டும் சார், அத வுடுங்க. வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

இவர் என்னைப் பார்த்தார். போனைக் கிட்டே இழுத்து, "தெரியலைங்க" என்றார்.