தொட்டிக்குள் மூன்று தட்டு

அங்கே அவருக்குப் பெயர் டாக்டர். ஊசி போடத் தெரியாது, நாடி பிடிக்கத் தெரியாது. இரும்புத் தொட்டியில் காதை வைத்துக் கேட்பார், அவ்வளவுதான். பட்டப்பெயர் வைக்க அந்த விமான ஆராய்ச்சிக்கூடத்தில் ஆளுக்கா பஞ்சம்?

தொட்டி என்றால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி இல்லை. உள்ளே ஒரு பேருந்தை நிறுத்தலாம். அதோடு நீளக் குழாய் ஒன்று சேர்ந்திருக்கும். குழாயின் மறுகோடியில் வாயுவை அழுத்தி அழுத்தி ஏற்றுவார்கள். நடுவில் அடைத்திருக்கும் உலோகத் தகடு தாங்கமாட்டாமல் கிழியும். ஒலியைப்போல ஏழெட்டு மடங்கு வேகத்தில் காற்று பாயும், உள்ளங்கை அளவு விமான மாதிரி ஒன்றில் மோதும், அப்படியே தொட்டிக்குள் போய் அடங்கும். கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. அதற்கு இரண்டு வாரம் நாக்குத் தள்ள வேலை! முன்கூட்டியே தொட்டியிலிருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். கதவை மூடிப் பம்பைப் போடுவது டாக்டரின் வேலை. இருபத்தாறு வருடமாகச் செய்கிறார்.

பம்பு ஓட ஆரம்பித்தால் தொட்டி சும்மா இருக்காது. டிக், டொக் என்று முறுக்கிக்கொள்ளும். டாக்டர் காது வைப்பார். திடீரென்று பம்பை நிறுத்தி, காற்றை உள்ளே விட்டு, கதவைத் திறந்து டார்ச் அடித்து, "யாருப்பா உள்ள?" என்பார். யாரும் இருக்கமாட்டார்கள். அரை நாள் வேலை பாழ். விஞ்ஞானிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. தண்ணீர்க் குழாய் மூன்று முறை டொக்கென்றால் போதும், சாப்பிட்ட கையோடு எழுந்துபோய் அலமாரியைத் திறந்து பார்ப்பார். மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். இப்போதெல்லாம் அவர் திறந்ததை அவளே போய் மூடிவிட்டு வருகிறாள்.

பதினான்கு வருடம் முன்னால் அந்தத் தொட்டிக்குள் ஒருவர் செத்துப்போனார். டாக்டரின் தங்கை புருஷன்தான். அங்கே வெல்டராக இருந்தார்.

உள்ளே போகிறவர் தன் பித்தளை வில்லையைக் கதவோரக் கொக்கியில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். கொக்கி காலி என்றால் தொட்டியும் காலி. அன்று வெல்டர் வேலையை முடித்து வில்லையை எடுத்துக்கொண்டார். பிறகு, மறந்து வைத்துவிட்ட மூக்குக்கண்ணாடிக்காக மறுபடி உள்ளே போனார். ஒரு நிமிஷ வேலைக்கு வில்லையாவது ஒன்றாவது என்று நினைத்திருப்பார், பாவி மனுஷன். டாக்டர் வந்து கொக்கியைப் பார்த்தார். காலி. கதவை மூடிப் பம்பைப் போட்டார்.

விசாரணை நடந்தது. இறந்தவர் மண்டையில் காயம் இருந்தது. உள்ளே ஏணியிலிருந்து விழுந்து, கதவு மூடும் முன்பே நினைவு தப்பியிருக்க வேண்டும் என்று எழுதி முடித்தார்கள். ஏனென்றால் கதவருகே நின்ற ஒரே சாட்சி, "ஒரு சத்தமும் கேக்கலைங்க" என்று சொன்னார். அந்தச் சாட்சி டாக்டர்தான்.

தங்கை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பிழைத்தாள். ஞாயிறு தவறாமல் அண்ணனுக்குச் சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்து, "தெரியாமலே போயிட்டாரு அண்ணே, அந்த மட்டும் நல்லது" என்பாள். அவர் பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவப் போவார்.

இப்போது தங்கை மகள் அதே இடத்தில் பாதுகாப்பு அதிகாரி. அப்பாவை உரித்து வைத்த பிடிவாதம். வந்த மூன்றாம் மாதமே, தொட்டிக்குள் ஒரு கயிறு வேண்டும், மாட்டிக்கொண்டவர் இழுத்தால் பம்பு நிற்க வேண்டும் என்று எழுதிப் போட்டாள். மேலிடம் பழைய அறிக்கையை இணைத்துத் திருப்பி அனுப்பியது: நடந்த ஒரே விபத்தில் ஆள் முன்பே மயங்கிவிட்டார், கயிறு இருந்தும் பயன் இருந்திருக்காது, அதற்காகச் சோதனைகளை நிறுத்த முடியாது.

அந்தக் காகிதத்தோடு காலையில் மாமனிடம் வந்தாள்.

"மாமா, நான் உள்ள போறேன், கதவச் சாத்துங்க. இந்தப் பம்பு வேணாம், அதோட சாவி என்கிட்ட இருக்கு. பக்கத்துப் பம்ப மட்டும் ஓட விடுங்க. அந்த இரைச்சல்ல, தட்டினா வெளிய கேக்குதான்னு பாக்கணும்."

"ஏம்மா உனக்கு இந்த வேண்டாத வேலை?"

அவள் வில்லையை மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாத்தினார். பக்கத்துப் பம்பைப் போட்டுவிட்டுத் தொட்டியில் காதை வைத்தார். டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. பாய்ந்து கதவைத் திறந்தார்.

"கேட்டுச்சா மாமா?"

கேட்டுச்சு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் தீர்ந்தது, பழைய அறிக்கை அப்படியே நிற்கும். தங்கைக்கு அவளுடைய ஞாயிற்றுக்கிழமை ஆறுதல் மிஞ்சும். ஆனால் கயிறு வராது. எதிரே மருமகளின் வில்லை கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சு," என்றார். "அன்னிக்கும் கேட்டுச்சு."

அவள் வெளியே வந்து வில்லையைக் கழற்றினாள்.

"மூணு மூணா தட்டினாரு உங்கப்பா. தொட்டி முறுக்கிக்குதுன்னு நெனச்சேன். காப்பி குடிச்சிக்கிட்டிருந்தேன். விளையாட்டுக்கு நானும் திருப்பித் தட்டினேம்மா, மூணு தட்டு. அதுக்கப்புறம் அவரு தட்டல."

அவள் காகிதத்தைத் தொட்டிச் சுவரில் வைத்துப் பிடித்து, பேனாவை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லாத்தையும் எழுதுங்க. அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லணும்."

எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமே கயிறு கட்டிவிட்டார்கள். அது தனிக் கதை. அந்த ஞாயிறு தங்கை வீட்டில், அவள் பானையைத் திறப்பதற்குள், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"திருப்பித் தட்டினியா அண்ணே?"

"தட்டினேன்."

"அப்ப மச்சான் வெளிய நிக்கிறாரு, இப்பத் திறந்துடுவாருன்னு நெனச்சிருப்பாரு. அதான் தட்டறத நிறுத்திட்டு உக்காந்திருக்காரு."

பானையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அன்று அவருக்குச் சோறு போடவில்லை.