மாடிக் கோலியின் பூட்டு

ஞாயிற்றுக்கிழமை லீவில் வரும்போது காக்கி உடுப்போடுதான் வர வேண்டும் என்று ஆரோக்கியமேரி போனில் ஒற்றைக்காலில் நின்றாள். போலீஸ் பயிற்சியில் இருந்த மகள் சோனியாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்க அம்மா ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, சட்டையை மறுபடி மறுபடி இஸ்திரி போட்டாள். பாவம் பெண், போட்டோவாம்!

அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் உழைத்தவர். ஏரவாடா சந்துக்குள் ஒரு வீட்டைக் கட்டி, அதன் தலையில் தகரக் கூரை போட்டு ஒரு கோலியும் எழுப்பிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கோலி என்றால் ஒற்றை அறை. புனே வந்து சேர்ந்த திருநெல்வேலித் தமிழில் அப்படித்தான் ஆகிவிட்டது. அந்தக் கோலியில் குடியிருந்தவள் ருக்மிணி. சோலாப்பூர்க்காரி, புருஷன் இல்லாதவள், விமான் நகர் ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை. வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை.

போலீஸ் தேர்வுக்கு ஓட்டம் பழக சோனியா விடியுமுன்னே மைதானத்துக்குப் போன நாட்களில், வயசுப் பெண் தனியாகப் போகக் கூடாது என்று கூடவே நடந்தவள், சோனியா மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் இந்த ருக்மிணிதான். சோனியா ஓடி முடிக்கும்வரை அவளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்திருப்பாள். பெற்றவள் அப்போது போர்வைக்குள் இருந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அண்ணன் ஸ்டீபனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புதுப் பெண்ணுக்கு மாடிக் கோலி வேண்டும். ருக்மிணியும் அக்கம்பக்கமெல்லாம் அலைந்து பார்த்தாள். தனிப் பெண்ணுக்கு இடம் தர யாரும் இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டாள். ஆரோக்கியமேரிக்குப் பொறுமை என்பது கோயிலில் மட்டும்தான்.

பயிற்சிப் பள்ளியில் அந்த மாதம் சிவில் சட்டம். திருடனைப் பிடிக்க வந்தவர்களுக்கு வீட்டுத் தகராறும் பாகப்பிரிவினையும் பாடமாக வந்தால் கொட்டாவி வராமல் என்ன செய்யும்? பாடம் நடத்திய காம்ளே மேடம் மட்டும் சளைக்கவில்லை. வீடு யாருக்கு என்பதைத் தீர்ப்பது கோர்ட்டு. குடியிருப்பவரை வெளியேற்றுவது போலீஸ் வேலையே இல்லை. கோர்ட்டு ஊழியரான அமீனா ஆணையோடு வந்தால், காவலுக்குப் போய் நிற்பதுதான் வேலை. அதற்காக, வீட்டைப் பூட்டி வெளியே தள்ளிவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வருகிறவரை, இது சிவில் விவகாரம் என்று கைகழுவவும் கூடாது என்றார். பத்திரம் வைத்திருப்பவர் ஆளை வெளியே அனுப்பலாம் என்று பரீட்சையில் எழுதிய சோனியாவை எழுப்பி, உன்னை இப்படி ஒருவர் தள்ளினால் எங்கே போவாய் என்று கேட்டார். எங்களுக்குச் சொந்த வீடு மேடம், என்றாள் சோனியா. வகுப்பே சிரித்தது.

ஞாயிறு மாலை வீட்டுக்குள் நுழைந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாடிப்படி நெடுக விரிப்பில் கட்டிய மூட்டைகள். ஒரு ஸ்டவ், ஒரு துளசித் தொட்டி. மேலே கோலிக் கதவில் புத்தம்புதுப் பூட்டு. ருக்மிணி வேலைக்குப் போன நேரம் பார்த்து அம்மா காரியத்தை முடித்திருந்தாள்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்ட்டி. அவ வரும்போது படியில நின்னா போதும்" என்றாள் ஆரோக்கியமேரி. காக்கி வீட்டுக்குள் வந்துவிட்டால் கோர்ட்டே வந்த மாதிரி என்பது அவள் கணக்கு.

சோனியா படியேறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். ருக்மிணி ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் மாட்டுவது அம்மா. போகாவிட்டால் அவள் இன்று ராத்திரி எங்கே படுப்பாள்?

"வீடு நம்மதுதான்மா. ஆனா கோர்ட்டு சொல்லாம அவங்கள என்னாலயும் வெளியேத்த முடியாது, எங்க பெரிய சாராலயும் முடியாது. பூட்டத் தெற."

பெற்ற தாயையே உள்ளே தள்ளுவாயா என்று கேட்டுவிட்டு, ஆரோக்கியமேரி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். சோனியா கெஞ்சினாள், சட்டம் சொன்னாள், கடைசியில் அழுதேவிட்டாள். அம்மா அசையவில்லை.

அப்போது ருக்மிணி வந்தாள். மூட்டைகளைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள். படியில் காக்கியில் நின்ற சோனியாவைப் பார்த்தாள். சண்டைக்கு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பெரிய மூட்டையை இடுப்பில் ஏற்றி, துளசித் தொட்டிக்குக் கையை நீட்டினாள்.

தன்னுடைய செருப்பைக் காத்தவள் தன்னைப் பார்த்துப் பயந்து போகிறாளே என்றிருந்தது சோனியாவுக்கு. படியில் இறங்கி மூட்டையைப் பிடித்துக்கொண்டாள். கோர்ட்டு ஆணை இல்லாமல் உங்களை யாரும் அனுப்ப முடியாது மாவ்ஷி, என் அம்மாவாலும் முடியாது என்று மராத்தியில் சொன்னாள். நாளைக்கு அம்மா கேஸ் போட்டால் இலவசமாக வாதாட வக்கீல் கிடைப்பார் என்பதையும், எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

ருக்மிணி மூட்டையை விடவில்லை. நான் போய்விடுகிறேன், தாயும் மகளும் சண்டை போடாதீர்கள் என்றாள்.

ஆரோக்கியமேரிக்கு மராத்தி அரைகுறைதான். ஆனால் அது புரிந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி படியேறிப் போய்ப் பூட்டைத் திறந்தாள்.

"அவளுக்கு வக்கீல் சொல்லுத. எனக்கும் ஒருத்தர சொல்லு. கேஸ் போடத்தான் போறேன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. பிறகு ஸ்டவ்வைத் தூக்கி உள்ளே வைத்தாள். "இன்னைக்கு இவ ஸ்டவ்வு பத்த வைக்காண்டாம்னு சொல்லு. சோறு கீழதான்."

ருக்மிணி அப்போதும் படியேறவில்லை. சோனியாவின் உடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோனியா உள்ளே ஓடிப்போய்க் காக்கியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய நைட்டியில் வந்தாள். மூட்டையை அவள் இடுப்பிலிருந்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். பின்னால் ருக்மிணி துளசித் தொட்டியோடு வந்தாள்.