சர்வீஸ் பாக்கி உள்ள பற்கள்

"இவருக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கு சார். இவரை ஏன் இப்பவே வீட்டுக்கு அனுப்பணும்னு அவசரப்படறீங்க?"

நாற்காலியில் மல்லாந்து கிடப்பவரால் பதில் சொல்ல முடியாது. வாய் நிறையப் பஞ்சு. டாக்டர் சத்யநாராயணன் பதிலை எதிர்பார்ப்பதும் இல்லை. சின்னக் கண்ணாடியைக் கடைவாய்க்குள் செலுத்தி அடுத்த பல்லைத் தட்டுகிறார். "இவர் லாங் லீவ்ல இருக்கார். கூப்பிட்டா வந்துடுவார்." அதற்கும் அடுத்ததைத் தட்டும்போது முகம் சுருங்குகிறது. "இவர்... சரி, கொஞ்ச நாள் சஸ்பென்ஷன்ல இருக்கட்டும். என்கொயரி பண்ணிப் பார்ப்போம்."

பல் என்றால் அவருக்கு 'இவர்'தான். ஒரு பல்லைக்கூட 'இது' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய அப்பா தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்தவர். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இன்கிரிமெண்ட், டிரான்ஸ்ஃபர், பென்ஷன் இவைதான் பேச்சாம். அந்தப் பேச்சை அப்படியே வாய்க்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார் மகன்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து சேலையூர் பக்கம் நடந்தால், ஒரு டீக்கடைக்கும் அலுமினியக் கதவு செய்யும் பட்டறைக்கும் நடுவில் அவருடைய கிளினிக். பட்டறையில் கம்பி அறுக்கிற சத்தம் கேட்டதும் வெளியே காத்திருப்பவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்கள். "அது நம்ம மிஷின் இல்லம்மா, பக்கத்துக் கடை" என்று உள்ளேயிருந்தே குரல் வரும். பதினொரு மணிக்கு வெளியே வந்து, எல்லாரும் பார்க்க ஒரு கைமுறுக்கைக் கடிப்பார். "கேட்டுதா? வலது பக்கம் நாலு பேர், எல்லாரும் ரூட் கேனல் பண்ணினவங்க. இருபது வருஷம் ஆச்சு." அவர் செய்துகொள்ளும் விளம்பரம் அது ஒன்றுதான்.

பல்லில் கை வைத்தவர்களுக்கு மறுநாள் காலை ஏழரைக்கு அவரே போன் செய்கிறார். "வீக்கம் இருக்கா? தூங்கினீங்களா?" என்ற இரண்டு கேள்விதான். இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் எட்டு மணிக்குக் கிளினிக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்.

உதவிக்குக் கோகிலவாணி இருக்கிறார். இந்த ஊர்க்காரர், அவர்கள் வீட்டு வயல் இருந்த இடத்தில்தான் இப்போது மூன்று வாடகை வீடுகள் நிற்கின்றன. டோக்கன் கொடுப்பது, கருவிகளை வேகவைப்பது, பயந்தவர்களின் கையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவர்தான். பல்லைப் பிடுங்கிவிடச் சொல்லி வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுவார்: "எங்க சார்கிட்ட புடுங்கணும்னா ரெகமண்டேஷன் லெட்டரோட வரணும்க்கா."

நான் அங்கே போனது பல்வலியோடு அல்ல. அரசின் புதிய பல் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் நிறுவனத்தில் களப்பணியாளனாக இருக்கிறேன். அட்டை வைத்திருப்பவர்களுக்கு வைத்தியம் பார்க்கச் சம்மதிக்கிற பல் மருத்துவர்களைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது என் வேலை. கேட்க எளிதாக இருக்கிறது. சேலையூரிலிருந்து மேடவாக்கம் வரை பதினேழு கிளினிக் ஏறி இறங்கினேன். "மொதல்ல பணம் ஒழுங்கா வருதான்னு பார்ப்போம் பிரதர்" என்றார் ஒருவர். அட்டைக்காரர்கள் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் வரமாட்டார்கள் என்று இன்னொருவர் காதோடு காதாகச் சொன்னார். பலர் சிரித்துக்கொண்டே அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் அவர்கள் இல்லை.

சத்யநாராயணன் மட்டும்தான் கட்டண அட்டவணையைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். சிவப்புப் பேனாவால் இரண்டு இடங்களில் கோடு போட்டுவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினா காசு உண்டு, பல்செட் கட்டினாலும் உண்டு. அதே பல்லைக் காப்பாத்தினா காசு கிடையாது. அப்போ இந்தப் பேப்பர் என்கிட்ட என்ன சொல்லுது தம்பி? பிடுங்குன்னு சொல்லுது. முப்பத்தொரு வருஷமா பிடுங்காம இருக்க வழி தேடிட்டிருக்கேன். நான் எப்படி இதுல கையெழுத்துப் போடுவேன்?"

எங்கள் ஊரில் பல் ஆடினால் பிடுங்குவார்கள், வலித்தால் பிடுங்குவார்கள். காப்பாற்றுவது என்ற சொல்லைப் பல்லோடு சேர்த்து அன்றுதான் கேட்டேன். என்ன படித்திருக்கிறேன் என்று விசாரித்தார். பி.எஸ்ஸி. புள்ளியியல், எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி என்று நிமிர்ந்து சொன்னேன். "வெரி குட். அப்பாவுக்கு வாய்ல எத்தனை பேர் இருக்காங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "அடுத்த தடவை ஊருக்குப் போனா எண்ணிட்டு வாங்க." திட்டுவது போல இல்லை, வீட்டுப்பாடம் கொடுப்பது போல இருந்தது.

அதன்பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் படியேறிவிடுவேன். கையெழுத்துக் கிடைக்காது என்று தெரியும். முறுக்குக் கிடைக்கும்.

பொன்னியம்மாளை அங்கேதான் பார்த்தேன். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குக் கொண்டுவந்து வைக்கப்பட்ட குடும்பம். ஐம்பத்தாறு வயது. செம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வேனில் ஆயா. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊர்ப் பெயரைக் கூவி, பிள்ளைகளைப் பெயர் சொல்லி இறக்கிவிட வேண்டும். மேல்வரிசையில் ஒரு பல்கூட இல்லாததால் பாதி எழுத்து காற்றாகப் போனது. பிள்ளைகள் அவர் மாதிரியே பேசிக் காட்டினார்கள். அவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கூடச் சிரித்தார். ஒரு பாப்பா தூக்கத்தில் நிறுத்தத்தைத் தவறவிட்ட பிறகு சிரிப்பு நின்றது. "வெகேஷன் முடிஞ்சு வேற ஆள் பார்த்துக்கலாம்" என்று வேன்காரர் ஜாடையாகச் சொல்லிவிட்டார்.

முதல்நாள் அட்டையை நீட்டியபோது கோகிலவாணி, "இங்க கார்டு எடுக்கறதில்லக்கா" என்றார். பொன்னியம்மாள் நகரவில்லை. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த டாக்டர் அவரைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். விளக்கை இழுத்து, மேல் ஈறை விரலால் தடவிப் பார்த்தார்.

"யாரும்மா பண்ணினது?"

"கேம்ப்பு வேன் வந்துச்சு டாக்டரு. கார்டு இருக்கறவங்க வாங்கோன்னு மைக்ல கூவுனாங்கோ. ரெண்டு பல்லு ஆடுச்சு, காட்டுனேன். மேல இருந்த எட்டையும் ஒரே நாள்ல புடுங்கிட்டாங்கோ. பல்செட்டு வேற எடத்துல கட்டிக்கோன்னுட்டு வண்டிய எடுத்துகினு போய்ட்டாங்கோ."

எட்டு பேரில் ஆறு பேருக்காவது சர்வீஸ் பாக்கி இருந்திருக்கும் என்று டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். அப்போது அளவெடுக்கும் மாவைக் கலக்கத் தொடங்கினார். "கார்டு, டாக்டரு?" என்றதற்கு, "அதை அப்புறம் பார்த்துக்கலாம்மா, வாயைத் திறங்க" என்றார். அந்த 'அப்புறம்' டாக்டருக்கு ஒரு அர்த்தத்திலும், பொன்னியம்மாளுக்கு இன்னொரு அர்த்தத்திலும் இருந்தது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இலவசமாகப் போட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். டாக்டர் அட்டையை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று பொன்னியம்மாள் நினைத்தார்.

மாதக் கடைசி நாள். இந்த வட்டாரத்தில் ஒரு கிளினிக்கும் சேராவிட்டால், அட்டைக்காரர்கள் அனைவரையும் அந்த கேம்ப் வேனோடு இணைத்துவிடுவதாக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. சேர மறுக்கிற மருத்துவர்களிடம் 'விருப்பமில்லை' என்று எழுதி வாங்கி வரும்படியும் உத்தரவு. சம்மதப் படிவம் ஒன்றும் மறுப்புக் கடிதம் ஒன்றுமாகப் போனேன். "மறுப்பைக் கொடுங்க, போட்டுடறேன். ரெண்டு நிமிஷம்" என்றார் டாக்டர். நாற்காலியில் பொன்னியம்மாள் இருந்தார். மெழுகில் பதித்த பல்வரிசையைப் போட்டுப் பார்க்கும் நாள் அது.

புதுப் பல் வைத்தால் பேச்சு சரியாக வருகிறதா என்று பார்க்க டாக்டரிடம் ஒரு வழி இருக்கிறது. புத்தகத்தில் உள்ளதை விட்டுவிட்டு, இந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்களையே சொல்லச் சொல்வார்.

"சொல்லுங்கம்மா. சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், சந்தோஷபுரம்."

"இன்னா டாக்டரு, தெனம் வண்டில தொண்ட கிழிய கூவுறத இங்க வந்தும் கூவச் சொல்ற?"

"கூவுங்க. அதுக்குத்தானே இவங்களை வேலைக்கு எடுத்திருக்கோம்."

பொன்னியம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சேலையூர்" என்றார். நாக்கு தடுமாறியது. டாக்டர் வரிசையை எடுத்து, மெழுகைச் சூடாக்கி ஒரு பல்லை மயிரிழை அளவு உள்ளே தள்ளி மறுபடி வைத்தார். மூன்றாவது தடவை "செம்பாக்கம்" முழுசாக வந்தது. ஒவ்வோர் எழுத்தும் பல்லில் பட்டுத் திரும்பி வந்தது. கோகிலவாணி கண்ணாடியை முகத்துக்கு நேராகப் பிடித்தார். பொன்னியம்மாள் சிரிக்கவில்லை. முந்தானையை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியிலேயே நின்றுவிட்டது. சிட்லபாக்கம், சந்தோஷபுரம் என்று மெதுவாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பட்டறைச் சத்தம்கூட அந்த நேரம் நின்றிருந்தது.

பிறகு ஜாக்கெட்டிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை எடுத்தார். "இந்தாம்மா கோகிலா, இத எங்க தேய்க்கணும்?"

"கார்டெல்லாம் வேணாம்மா" என்றார் டாக்டர். "உங்களுக்கு நான் போட்டுத் தரேன்."

"வேணான்னா?"

"காசு வேணாம். சும்மா வச்சுக்குங்க. அந்தத் திட்டத்துல நான் சேரல."

பொன்னியம்மாள் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். கட்டைவிரலை வாய்க்குள் விட்டு மெழுகுப் பல்வரிசையைக் கழற்றி, பக்கத்திலிருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார்.

"அப்ப எனக்கும் வேணா."

"என்னம்மா இது? ஸ்கூல் திறக்கப் பத்து நாள்கூட இல்ல."

"தெரியும் டாக்டரு." பல் இல்லாத வாயில் சொற்கள் மறுபடி காற்றாகப் போயின. "கார்டுல என் பேர் கீது, என் போட்டோ கீது. மூணு நாள் க்யூல நின்னு வாங்கினேன். நான் இன்னா உன்னாண்ட பிச்சையா கேக்கறேன்? எங்க பிளாக்ல மட்டும் பதினாலு பேருக்கு வாய் பொக்கையா கீது. அத்தினி பேருக்கும் நீ சொம்மா போடுவியா?"

டாக்டர் அட்டவணையை எடுத்தார். அந்தச் சிவப்புக் கோட்டை அவருக்குக் காட்டினார். கடைவாய்ப் பல்லைக் காப்பாற்ற இதில் வழி இல்லை, பிடுங்கத்தான் வழி என்று, என்னிடம் சொன்னதையே இன்னும் பொறுமையாகச் சொன்னார். பொன்னியம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனால் அவர் தாளைப் பார்க்கவில்லை.

"புடுங்கினா துட்டுன்னு எய்தி கீது. நீ புடுங்கணும்னு எய்தி கீதா?"

டாக்டர் அட்டவணையைக் கீழே வைத்தார்.

"நீ இருந்தா நீ புடுங்க மாட்டே. அந்தம்மா வாசல்லயே சொல்லிச்சே, லெட்டரு வேணும்னு. உன்ன மாதிரி ஆளு எனக்கு இன்னாத்துக்கு பேஜார்னு ஒதுங்கிகினா, ஒதுங்காதவன் கைலதானே நாங்க போய் வாயத் தொறக்கணும்? வேனு அடுத்த மாசம் மறுக்கா வருது டாக்டரு. கீழ்வரிசைல எனக்கு இன்னும் ஆறு கீது."

"ஆறு பேர்" என்றார் கோகிலவாணி, யாரையும் பார்க்காமல்.

பொன்னியம்மாள் நாற்காலியிலிருந்து காலை இறக்கிச் செருப்பைத் தேடினார். அட்டை இன்னும் கையில்தான் இருந்தது. வேனுக்கு நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தார். ஆனால் அன்று பள்ளி விடுமுறை. எங்கள் நாலு பேருக்கும் அது தெரியும்.

"உட்காருங்கம்மா" என்றார் டாக்டர். "மெழுகு தண்ணியில ரொம்ப நேரம் இருக்கக் கூடாது."

கிண்ணத்துக்குள் விரலை விட்டுப் பல்வரிசையை எடுத்தார். வைக்க இடம் தேடியவர், மேசையில் நான் வைத்திருந்த மறுப்புக் கடிதத்தை இழுத்து, பல்வரிசையை ஈரம் சொட்டச் சொட்ட அதன்மேல் வைத்தார். நீர் பரவி அச்செழுத்துகள் கலைந்தன. பிறகு வலது கையின் ரப்பர் உறையை விரல் விரலாக உரித்துப் போட்டுவிட்டு, பொன்னியம்மாளின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல், பேனாவுக்காக என் பக்கம் கையை நீட்டினார்.