பம்பாயிலிருந்து துபாய் ஒன்றரை மணி

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எங்கள் மேலப்பாளையம் தெருவில், என் வயசுப் பிள்ளைகளில் கடிகாரம் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வினையே அங்கேதான் தொடங்கியது.

வாப்பா துபாய் போய்ச் சேர்ந்ததும் எழுதிய முதல் கடிதத்தை, அவருடைய தம்பியான எங்கள் சாச்சா உரக்கப் படித்தார். பம்பாயில் காலை பத்து மணிக்குப் பிளேன் புறப்பட்டதாம். துபாயில் இறங்கியபோது அங்கே மணி பதினொன்றரையாம். விரல்விட்டு எண்ணினேன். ஒன்றரை மணி நேரம்! கடையநல்லூர்ப் பெரியம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போகவே இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் நான் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிடுவேன்.

இரண்டு நோன்புப் பெருநாள் வாப்பா இல்லாமலே கழிந்தது. கடிதத்துக்குக் கடிதம் ‘தூரத்தில் இருக்கிறேன்’ என்று எழுதினார். என்ன பெரிய தூரம்? மூன்றாவது பெருநாளுக்கு அவரை வரவழைத்தே தீருவது என்று முடிவுகட்டினேன்.

சாச்சா தறிக் கைலிகளைப் பம்பாய்க்குக் கொண்டுபோய் விற்றுவருகிறவர். அந்த முறை அவர் கிளம்புகிற நேரத்தில் அவருடைய ட்ரங்குப் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

“ஏட்டி, எந்திரி. ரயிலு போயிரும்.”

“பம்பாய் வரைக்கும் ரெண்டு நாளு போறீங்கள்லா? அங்கன இருந்து ஒன்றரை மணி நேரம் கூடப் போனா காலு தேஞ்சிருமோ? வாப்பாவக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லுங்க, எந்திரிக்கேன்.”

உம்மா முதுகில் ஒன்று வைத்தாள். நான் அசையவில்லை.

“கூட்டியாரேன் தாயே, எறங்கு” என்றார் சாச்சா.

பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தனியாக வந்து நின்றார்.

“எங்க வாப்பா?”

“போகத்தாம்ட்டி ஒன்றரை. வாரதுக்கு நாலரை ஆவும். அங்க பத்துக்கு ஏறுனா பம்பாயில ரெண்டரைக்குத்தான் எறங்க முடியும்.”

“ஒரே வழிக்குப் போக ஒரு நேரம், வர ஒரு நேரமா? யாருகிட்ட கத விடுதீங்க?”

ஹஜ்ஜுப் பெருநாள் வரை அவரோடு பேசவில்லை. பொய்யர் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன். போன வருடம் துபாயில் வேலை பார்க்கும் என் மகனைப் பார்க்கப் பம்பாய் வழியாகப் போய்வந்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. பறப்பது மூன்று மணி நேரம். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி பிந்தி ஓடுகிறது. போகையில் ஒன்றரை, வருகையில் நாலரை. சாச்சா சொன்னது அச்சு பிசகாத கணக்கு. அவர் மவுத்தாகி வெகுகாலம் ஆகிவிட்டது.

ஆனால் தனியாக வந்து நின்ற அன்றைக்கு அவர் இன்னொன்றும் சொன்னார். பம்பாயிலிருந்து டிரங்கால் போட்டு வாப்பாவோடு போனில் மூன்று நிமிஷம் பேசினாராம். அதுவரை எங்களுக்கு வந்ததெல்லாம் கடிதம்தான். உம்மா அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு வந்தாள். எப்போது வருவார் என்று கேட்கவில்லை.

“அவுக சத்தம் எப்பிடி இருந்துச்சு தம்பி?”

“கொஞ்சம் சளி கட்டுன மாதிரி இருந்துச்சு மைனி.”

“அவுக சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுங்க.”

சாச்சா தொண்டையைக் கனைத்து, அண்ணன் குரலில், “லே, எல்லாரும் சொகமா இருக்காவளா?” என்றார்.

“இன்னொருக்கச் சொல்லுங்க.”

மூன்று முறை சொல்லவைத்தாள். ஆளைக் கூட்டிவராத மனுஷனிடம் சத்தத்தை வாங்கி என்ன செய்ய? ஒரு கேள்வி ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லையே இந்த உம்மாவுக்கு என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.